வந்தான் வரத்தான் யார்?

மூதூர், சம்பூர், தோப்பூர்ப் பக்கங்களில் காணிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் நாலைந்து வசனத்துக்குள் "வந்தான் வரத்தான்" என்ற சொல்லில் வந்து நிற்கும். தமிழர் முஸ்லிம்களைப் பார்த்துச் சொல்வதுண்டு. முஸ்லிம்கள் குடியேற்றத் திட்டங்களில் வந்த சிங்களவரைப் பார்த்துச் சொல்வதுண்டு. சிங்களவர் இரு தரப்பையும் பார்த்துச் சொல்வதுண்டு. முதலில் வந்தவனுக்கே மண் சொந்தம் என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நான் சம்பூரில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். "சேர், இந்த நாட்டுக்கு முதல்ல வந்தது ஆர்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். தொல்லியல் இதற்குத் தரும் விடை, மேலே சொன்ன மூன்று தரப்புக்கும் உவப்பானதாக இராது.

இன்றைய மனித இனம் தோன்றியது ஆபிரிக்காவில். மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் சுமார் 3 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2017 இல் அறிவிக்கப்பட்டது. இன்று ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் முன்னோரில் பெரும்பாலானோர் ஏறத்தாழ 60,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வெளியேறியவர்கள் என்பது பரவலான கருத்து.

"குடிபெயர்வு" என்றவுடன் மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் நீண்ட பயணம் புறப்பட்டதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு தலைமுறை 25 ஆண்டுகள் என்று வைப்போம். பிள்ளைகள் பெற்றோரின் இடத்திலிருந்து 20 கிலோமீற்றர் தள்கிப் போய்க் குடியிருந்தார்கள் என்றும் வைப்போம். 10,000 கிலோமீற்றரைக் கடக்க 500 தலைமுறை, அதாவது 12,500 ஆண்டுகள் போதும். 20 கிலோமீற்றர் என்பது சம்பூரிலிருந்து தோப்பூரைத் தாண்டிச் சற்றுத் தூரம்தான். மீனும் கிழங்கும் நன்னீரும் தேடிச் சற்றே நகர்ந்த அந்த மக்களுக்குத் தாங்கள் ஒரு கண்டத்தைக் கடக்கிறோம் என்பதே தெரிந்திருக்காது.

இலங்கைக்கு வர அவர்களுக்குத் தோணி கூடத் தேவைப்பட்டிருக்காது. பனியுகத்தில் பூமியின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. அதன் உச்சமான சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையும் மன்னார்ப் பக்கத்து மணல் திட்டுகளும் ஆழம் குறைந்தவை. ஆகவே கடல் இறங்கியிருந்த காலங்களில் இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலப்பரப்பு. நமது கொட்டியாரக் குடாவின் நிலை வேறு. இங்கே கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் புகழ்பெற்ற ஆழமும் இதே கடலடி அமைப்போடு சேர்ந்ததுதான். வடமேற்கில் கடல் நிலமாக மாறிய காலத்திலும் இந்தக் குடாவின் நடுவில் கடல் இருந்திருக்கும். பனி உருகிக் கடல் உயர, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை இறுதியாகத் தீவாகப் பிரிந்தது.

அதற்கு வெகு முன்பே இங்கு மனிதர் வாழ்ந்தனர். களுத்துறை மாவட்டத்தின் புலத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியங்கல குகையில் சுமார் 48,000 ஆண்டுகள் பழைமையான வாழிடத் தடயங்கள் கிடைத்துள்ளன. நுண்கற்கருவிகளும் எலும்பில் செய்த அம்பு முனைகளும் அவற்றில் அடங்கும். அவர்கள் மழைக்காட்டில் குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடினார்கள். உள்நாட்டுக் குகையில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருப்பதால் கரையோரத்தோடும் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது என்று அறிகிறோம். இந்தப் பண்பாட்டு மக்களுக்குப் 'பலாங்கொடை மனிதன்' என்று பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. அவரது மகன் சிரான் தெரணியகல அந்த ஆய்வை முன்னெடுத்துச் சென்றார்.

மகாவம்சத்தின் கதையிலும் விஜயன் கரையேறியபோது தீவு வெறுமையாக இருக்கவில்லை. அங்கே குவேனி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அந்த முதல் மக்களின் வழித்தோன்றல்கள் எங்கே? எலும்புகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் பலாங்கொடை மனிதனுக்கும் வேடர்களுக்கும் இடையே தொடர்பு காண்கிறார்கள். வேடர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தம்பானை. ஆனால் கரையோர வேடர்கள் நமது பக்கத்திலேயே இருக்கிறார்கள். சந்தனவெட்டை, உப்பூறல், நல்லூர் போன்ற மூதூர் கிழக்குக் கிராமங்களிலும், வெருகல், வாகரைப் பக்கங்களிலும் அவர்கள் வாழ்கிறார்கள். பேசுவது தமிழ். மீன்பிடி, சேனைப் பயிர், தேன் எடுத்தல் என்பவை அவர்களது சீவியம். 2006 யுத்தத்தில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில் அவர்களுக்கென்று ஒரு நிரல் இல்லை. "ஏனையோர்" என்பதற்குள்ளோ, "இலங்கைத் தமிழர்" என்பதற்குள்ளோ அவர்கள் கரைந்து போகிறார்கள்.

முதலில் வந்தவனுக்கே மண் என்பது உண்மையானால் இந்த மாவட்டத்தின் பெரும் காணிக்காரர்கள் அவர்களாக அல்லவா இருக்க வேண்டும்? உறுதியும் பேர்மிட்டும் இல்லாதவர்கள் அவர்களுக்குள்ளேயே அதிகம். நாம் மூன்று தரப்பும் உரத்துச் சொல்லும் அந்த நியாயத்தை, அதற்கு உண்மையிலேயே உரித்துடையவர்களுக்கு ஒருநாளும் வழங்கியதில்லை.

அவுஸ்திரேலியாவிலும் இதுவே நடந்தது. அங்கு ஆதிக்குடிகள் குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்தார்கள். 65,000 ஆண்டுகள் என்று கூறும் ஆய்வும் உண்டு. கடல் எவ்வளவு தாழ்ந்தபோதும் அந்தக் கண்டத்துக்கு நிலவழி இருந்ததில்லை, எனவே கடலைக் கடந்தே போனார்கள். 1788 இல் வந்திறங்கிய ஆங்கிலேயர் அதை ஆளில்லா நிலமாகக் கணக்கெடுத்தனர். அந்தக் கொள்கை தவறு என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்பளித்தது 1992 இல்தான். அந்தத் தீர்ப்பு அங்கே பின்னர் வந்தவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. முன்பே இருந்தவர்களின் காணி உரிமையைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய வைத்தது.

நமக்கும் அதுதான் பாடம். இந்த மண்ணில் முளைத்தவர் எவரும் இல்லை, எல்லோரும் வந்தவர்களே. சிலர் நடந்து வந்தார்கள், சிலர் பாய்மரத்தில் வந்தார்கள், சிலர் அரசாங்க லொறியில் வந்தார்கள். காணிப் பிணக்கை உறுதிப் பத்திரத்தையும் பயிர்ச்செய்கையையும் சட்டத்தையும் வைத்துத் தீர்ப்போம். யார் முதலில் வந்தது என்ற கேள்வியை வைத்துத் தீர்க்கப் புறப்பட்டால், பலர் தலைமுறை தலைமுறையாக உழுத வயலை விட்டு எழும்ப வேண்டி வரும். அடுத்த காணிக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் அருகருகே இருக்கும்போது, சந்தனவெட்டையிலிருந்து ஒருவருக்கும் ஒரு கதிரை போடுவோம்.