ஒரு வாளித் தண்ணீரில் செல்போனை சார்ஜ் செய்ய முடியுமா? - மாணவர்களுக்கு நீர்மின்சாரத்தை இப்படியும் சொல்லிக்கொடுக்கலாம்!

'அணையில் தேங்கும் நீர் குழாய் வழியே பாய்ந்து டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. மின்சாரம் கிடைக்கிறது.'

நீர்மின்சாரம் என்றால் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரிந்தது இந்த மூன்று வரிகள்தான். பரீட்சையில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்தால் ஐந்து மார்க். அத்தோடு மறந்தும் போகும். ஆனால், இந்தப் பாடத்துக்குள் இ.பி. பில்லும் இருக்கிறது, டெல்டாவின் நெல் வயலும் இருக்கிறது, ஆற்றில் இறங்கும் பிள்ளைகளின் உயிரும் இருக்கிறது. அதைப் புரியவைக்க பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் போதும்.

வாளிக் கணக்கு

100 கிராம் சோப்பு ஒன்றை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால், அதற்கு ஏறக்குறைய 1 ஜூல் ஆற்றல் செலவாகிறது. இந்த ஒரு வரியிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

அடுத்து, 10 லிட்டர் வாளி நிறைய தண்ணீர். எடை 10 கிலோ. இதை 7 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினால் கை வலிக்கிறது அல்லவா? அந்த வலிக்குக் காரணமான உழைப்பு வீணாகவில்லை. தண்ணீரின் உயரத்தில் அது சேமிப்பாக இருக்கிறது. எடை 10 கிலோ, புவியீர்ப்பு 9.8, உயரம் 7 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 686 ஜூல்.

இப்போது செல்போனுக்கு வருவோம். 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி முழுதாக நிரம்பினால் அதில் சுமார் 69,000 ஜூல் ஆற்றல் இருக்கும். அதாவது, துளிகூட இழப்பு இல்லாமல் மின்சாரமாக மாற்ற முடிந்தால்கூட, ஒரு போனை சார்ஜ் செய்ய மொட்டை மாடியிலிருந்து 100 வாளித் தண்ணீரைக் கொட்ட வேண்டும்!

இதைக் கேட்டதும் மாணவர்கள் 'அவ்வளவா?' என்று வாயைப் பிளப்பார்கள். அந்த நேரத்தில்தான் அவர்களை நீலகிரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

100 வாளி எங்கே, ஒரு வாளி எங்கே!

நீலகிரியில் 1932-ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், தமிழகத்தின் மின்சார வரலாற்றில் முக்கியமான மைல்கல். கிளென்மார்கன் பகுதியிலிருந்து சிங்காராவில் இருக்கும் மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. தண்ணீர் விழும் உயரம் 900 மீட்டருக்கும் மேல். 1930-களில் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியதற்கு பைக்காரா மின்சாரம் ஒரு முக்கியக் காரணம்.

அதே 10 லிட்டர் வாளி, 900 மீட்டர் உயரம் என்று கணக்குப் போட்டால் விடை 88,200 ஜூல். குழாயிலும் இயந்திரத்திலும் கொஞ்சம் இழப்பு போனாலும், ஒரே ஒரு வாளித் தண்ணீரில் ஒரு செல்போன் முழுதாக சார்ஜ் ஆகிவிடும்.

மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி அளவு தண்ணீர் அந்த உயரத்திலிருந்து இறங்கினால், இழப்புகள் போக சுமார் 2 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் 30 மீட்டராகக் குறைந்தால், அதே ஒரு யூனிட்டுக்கு 14,000 லிட்டருக்கு மேல் தேவைப்படும்.

நீர்மின்சாரத்தின் அடிப்படையே இதுதான். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம். ஒன்று குறைந்தால் இன்னொன்று கூட வேண்டும். டர்பைன்களில் பல வகை இருப்பதும் இதனால்தான். மலையில் தண்ணீர் கொஞ்சம், உயரம் அதிகம். அங்கே சக்கரத்தைச் சுற்றிக் கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் டர்பைன். நடுத்தர உயரத்துக்கு பிரான்சிஸ். சமவெளியில் தண்ணீர் ஏராளம், உயரம் குறைவு. அங்கே கப்பலின் விசிறி போன்ற கப்லான் வகை. பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்தக் காரணம் புரிந்துவிட்டால், பெயர்கள் தாமாக நினைவில் நிற்கும்.

எல்.இ.டி. எரியவில்லையா? அதுவும் பாடம்தான்!

அறிவியல் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் மாதிரி இது. பழைய சி.டி. ஒன்றின் விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பூன்களை ஒட்டி, பொம்மை காரிலிருந்து கழற்றிய மோட்டாரின் அச்சில் பொருத்தி, குழாயடியில் காட்டினால் சக்கரம் சுழலும். மோட்டாரை நாம் சுழற்றினால் அது ஜெனரேட்டராக வேலை செய்யும். இதுவரை சரி. ஆனால், பல நேரங்களில் எல்.இ.டி. மட்டும் எரியாது. 'மோட்டார் சரியில்லை' என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

மோட்டார் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். மெதுவாகச் சுழலும் மோட்டார் அவ்வளவு தராது. செய்து பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

* எல்.இ.டி.யின் இரண்டு கால்களையும் மாற்றி இணைத்துப் பாருங்கள். அது ஒரு திசையில்தான் எரியும்.

* சக்கரத்தைத் தனி அச்சில் பொருத்துங்கள். மோட்டாரின் அச்சில் சிறிய கப்பியை மாட்டி, இரண்டையும் ரப்பர் பேண்டால் இணையுங்கள். சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் பல சுற்று சுற்றுவதுபோல, மோட்டார் வேகம் எடுக்கும்.

* தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரத்தை இன்னும் உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது வழியில்தான் விஷயம் இருக்கிறது. அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் என உயரத்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரில் வோல்ட்டைக் குறித்துக்கொண்டால், மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒரு விதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எரியும் விளக்கைப் பார்த்துக் கைதட்டுவதைவிட, எரியாத விளக்கு ஏன் எரியவில்லை என்று தேடுவதில் கற்றுக்கொள்வது அதிகம்.

ஸ்பூன் சக்கரம் தண்ணீரின் ஆற்றலில் மிகச் சிறிய பகுதியைத்தான் பிடிக்கும். ஆனால், நன்றாக வடிவமைக்கப்பட்ட பெரிய டர்பைன் 90 சதவிகிதம் வரை பிடித்துவிடும். நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்தில் சுமார் 35 முதல் 40 சதவிகிதம்தான் மின்சாரமாகிறது என்பதை ஒப்பிட்டால், இதன் அருமை புரியும்.

குடித்துத் தீர்க்காத இயந்திரம்

'தண்ணீரிலிருந்து மின்சாரத்தை எடுத்துவிட்டால், அதில் சத்து போய்விடாதா?' என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. சிரிக்க வேண்டாம், நல்ல கேள்வி. டர்பைன் எடுத்துக்கொள்வது தண்ணீர் விழும் வேகத்தில் இருக்கும் ஆற்றலை மட்டும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அங்கே தீர்ந்துபோவதில்லை.

இதற்கு மேட்டூர் நல்ல உதாரணம். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறக்கும் நீர் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியே வரும்போது மின்சாரம் கிடைக்கிறது. இரண்டின் திறனும் சேர்த்து 250 மெகாவாட். அதே தண்ணீர் இன்னும் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை போன்ற இடங்களில் இருக்கும் கதவணை மின்நிலையங்களிலும் டர்பைனைச் சுற்றிவிட்டு, பிறகு தஞ்சாவூர் வயல்களுக்குப் போகிறது.

போன தண்ணீர் எப்படித் திரும்பி வருகிறது? சூரியன் கடல்நீரை ஆவியாக்க, காற்று மேகத்தைத் தள்ள, மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்க, மழை பெய்கிறது. கூலி வாங்காமல் தண்ணீரை மலைக்குத் தூக்கிவைக்கும் வேலையை சூரியன் செய்கிறது. அதனால்தான் இது புதுப்பிக்கத்தக்க ஆற்றல். இந்தியாவில் 25 மெகாவாட் வரையிலான சிறிய நீர்மின் நிலையங்களே முன்பு இந்தப் பட்டியலில் இருந்தன. 2019-ல் மத்திய அரசு பெரிய நீர்மின் நிலையங்களையும் சேர்த்தது.

ஆனால், மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். மேட்டூரில் நீர்மட்டம் சரிந்து தண்ணீர் திறக்காத மாதங்களில், அங்கே இயந்திரங்கள் சும்மா நிற்கும்.

மலை மேல் ஒரு பேட்டரி

கோவை மாவட்டம் ஆனைமலைப் பகுதியில் இருக்கும் கடம்பாறை நீர்மின் நிலையம், மாணவர்களுக்கு விடுகதை போடுவதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். 400 மெகாவாட் திறன் கொண்ட இந்த நிலையம், மேலே இருக்கும் கடம்பாறை அணையிலிருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறது. பிறகு, கீழே மேல் ஆழியாறு அணையில் சேரும் தண்ணீரை, மின்சாரம் செலவழித்து மறுபடியும் மேலே ஏற்றுகிறது!

இதுபோன்ற நிலையங்களில் ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவானால், இறங்கும்போது 75 முதல் 80 யூனிட் வரைதான் திரும்பக் கிடைக்கும். நஷ்டம்தானே, பிறகு ஏன்? விடையை மாணவர்களே யோசிக்கட்டும். மின்சாரம் தேவைக்கு மேல் இருக்கும் நேரம் ஒன்று, எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் ஓடும் நேரம் இன்னொன்று. மிச்சமாகும் நேரத்தில் ஏற்றிவைத்து, தட்டுப்பாடான நேரத்தில் இறக்குகிறார்கள். சோலார் பெருகப் பெருக, பகல் மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்துவைக்க இப்படிப்பட்ட நிலையங்களின் தேவையும் கூடுகிறது.

நல்லது... ஆனால், இலவசம் இல்லை

புதுப்பிக்கத்தக்கது என்பதும் பாதிப்பே இல்லாதது என்பதும் ஒன்றல்ல. உத்தரகாண்டில் டெஹ்ரி அணைக்காக பழைய டெஹ்ரி நகரமே தண்ணீருக்குள் போனது. அணைகள் மீன்களின் பாதையை மறிக்கின்றன. கீழ்நிலங்களுக்குப் போக வேண்டிய வண்டலைப் பிடித்துவைக்கின்றன. மூழ்கிய தாவரங்கள் மட்கும்போது மீத்தேன் வெளியாகிறது. 'அணை வேண்டுமா, வேண்டாமா?' என்று வகுப்பில் விவாதம் வைத்தால், இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைகுறைப் பாடம்.

பாடப்புத்தகத்தில் இல்லாத பக்கம்

2014 ஜூன் 8, மாலை நேரம். இமாச்சலப் பிரதேசம், மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றங்கரை. கல்விச் சுற்றுலா வந்திருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஆற்றுக்குள் இருந்த பாறைகளில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. மேலே இருந்த லார்ஜி நீர்மின் நிலைய அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. சில நிமிடங்களில் வெள்ளம் அவர்களைச் சூழ்ந்தது. 24 மாணவர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச்செல்லப்பட்டனர். உடல்களைத் தேடும் பணி பல வாரங்கள் நீண்டது. போதிய எச்சரிக்கை தரப்படவில்லை என்று தப்பிய மாணவர்கள் கூறினார்கள்.

அவர்கள் பொறியியல் மாணவர்கள். டர்பைன் எப்படிச் சுழலும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால், அணைக்குக் கீழே ஓடும் ஆறு சாதாரண ஆறு அல்ல என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதையும் பாடத்திலேயே விளக்கிவிடலாம். மாலையில் மின்தேவை கூடும், டர்பைன்களை ஓட்டுவார்கள், காய்ந்து கிடந்த ஆற்றில் தண்ணீர் பாயும். சில நேரம் இதற்கு நேர்மாறு. மின்தேவை குறைந்து டர்பைனை நிறுத்தினால், வந்துகொண்டிருக்கும் தண்ணீரை மதகு வழியே வெளியே விட வேண்டியிருக்கும். மழையே பெய்யாத, வெயில் அடிக்கும் நாளிலும் வெள்ளம் வரலாம்.

ஆகவே, படம் வரைந்து பாகம் குறிக்கும் நோட்டில் இந்த வரிகளையும் எழுதச் சொல்லலாம்:

* அணைக்குக் கீழே ஆறு வறண்டு கிடந்தாலும், நடுவில் இருக்கும் பாறைக்குப் போகக் கூடாது. செல்ஃபிக்காக நிச்சயம் கூடாது.

* எச்சரிக்கைப் பலகை இருந்தால் வாசிக்க வேண்டும். பலகை இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

* சைரன் கேட்டாலோ, தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலை தழைகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றோரமாகவே ஓடக் கூடாது.

* செருப்பு, பை, போன் எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது.

* சுற்றுலா அழைத்துச்செல்லும் ஆசிரியர்கள், தண்ணீர் திறக்கும் நேரத்தை மின்நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

10 கிலோ தண்ணீர் மலையிலிருந்து இறங்கினால் ஒரு போன் முழுக்க சார்ஜ் ஆகும் என்று முதலில் போட்ட கணக்கை, பாடத்தின் முடிவில் இன்னொரு முறை நினைவுபடுத்தலாம். அணையின் மதகு திறந்தால் வருவது ஒரு வாளி அல்ல. ஒவ்வொரு நொடியும் பல ஆயிரம் வாளிகள். ஊருக்கு வெளிச்சம் தருவதும் பாறையில் நிற்பவரை இழுத்துப்போவதும் ஒரே ஆற்றல்தான் என்று புரிந்துகொண்ட பிள்ளை, அந்தப் பாறையில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கும். ஐந்து மார்க்கைவிட அந்த ஒரு நிமிடம் முக்கியம்.