கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதியவர்

நாவல் எழுதவேண்டும் என்ற ஆசை எனக்குப் பத்து வருடப் பழசு. நேரமில்லை என்றே சொல்லிவந்தேன், அந்தோணி டிராலப்பின் சுயசரிதையைப் படிக்கும்வரை.

மனிதருக்குத் தபால் இலாகாவில் உத்தியோகம். 1859 முதல் லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸில் குடியிருந்தபோது, காலை ஐந்தரைக்கே மேஜையில் இருப்பார். எழுப்பிவிடும் குதிரைக்காரக் கிழவருக்கு வருடம் 5 பவுண்டு தனியாக! முதல் அரைமணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 வார்த்தைகள். அப்புறம்தான் மற்ற வேலை. இப்படியே 47 நாவல்கள். அவர் மறைந்தபின் 1883ல் சுயசரிதை வெளியானதும், கணக்குப் பார்த்தா எழுதினார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்.

எனக்கென்னவோ அந்தக் கிழவர்தான் முக்கியமாகப் படுகிறார். டிராலப் தன் மனஉறுதியை நம்பவில்லை, ஆள் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த வேகம் வரவில்லை. ஆபீஸ் ரயிலில் தினம் ஐம்பது வார்த்தைதான். முப்பது பக்கம் ஆகியிருக்கிறது.