மாத்தூர் தொட்டிப்பாலம்: தென்னை உச்சிக்கும் மேலே ஒரு கிராமத்துப் பாதை!

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது மாத்தூர். இந்தக் கிராமத்தின் ஒரு பாதை வித்தியாசமானது. நீளம் சுமார் 1,200 அடி. நடக்க ஆரம்பிக்கும்போது தரை பக்கத்தில்தான் இருக்கும். நடுவில் நின்று எட்டிப் பார்த்தால், தென்னை மரங்களின் தலை காலுக்குக் கீழே தெரியும். அதற்கும் கீழே பறளியாறு. மொத்தம் 115 அடி உயரம். பதினொரு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நிற்பது போலத்தான்!

இந்தப் பாதை மனிதர்கள் நடக்க என்று கட்டப்பட்டதல்ல. தண்ணீர் போகக் கட்டிய தொட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தொட்டி 7 அடி உயரம், ஏழரை அடி அகலம். மேலே கான்கிரீட் பலகைகள் போட்டிருக்கிறார்கள். ஆனால், முழுவதும் மூடவில்லை. இடைவெளியில் எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலத்து ஓடுவது தெரியும்.

ஏன் இவ்வளவு உயரம்? குமரியின் மேற்குப் பகுதி முழுக்க குன்றும் பள்ளமும்தான். ஆறு பள்ளத்தில் ஓடிவிடும்; மேட்டு நிலம் வேடிக்கை பார்க்கும். பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர் ஒரு குன்றின் ஓரமாக வருகிறது. அது பள்ளத்தில் இறங்கிவிட்டால், எதிர்க் குன்றில் ஏற்ற மோட்டார் வேண்டும். இறங்கவே விடாமல் அந்தரத்தில் கடத்திவிட்டால்? அதற்குத்தான் 28 தூண்கள். காமராஜர் காலத்துத் திட்டம் இது. மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956-ல். பாலம் முடிந்தது 1966-ல். கல்குளம், விளவங்கோடு பகுதி வயல்களுக்கு இன்றும் தண்ணீர் இந்த வழியாகத்தான் போகிறது.

பெயரிலும் ஒரு வேடிக்கை. தொட்டிப்பாலம், சிலர் வாயில் 'தொட்டில் பாலம்' ஆகிவிட்டது. ஆங்கிலத்திலோ 'ஹேங்கிங்' என்று சேர்த்துவிட்டார்கள். ஆனால், இங்கே எதுவும் தொங்கவில்லை!

பாலத்தின் ஒரு முனை வரை வண்டியிலேயே போகலாம். அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. இறங்குவது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். மூட்டுவலி உள்ள பாட்டிமார்கள் மேலேயே உட்கார்ந்துகொள்வது நல்லது. உயரம் என்றால் பயப்படுபவர்கள் கீழேயிருந்தே அண்ணாந்து பார்க்கலாம். தூண்களின் பிரம்மாண்டம் அங்கிருந்துதான் புரியும்.

இன்னொன்று... தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால், பாசனத்துக்கு அணை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.