கணிப்பொறிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டா, இரண்டா?



சென்ற மாதம் ஒரு நாள் மாலை என் தமக்கையின் மகன் என்னைக் காண வந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவன். விடுமுறை நாட்களில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தான். "மாமா, என் கணிப்பொறியில் ஜிடிஎக்ஸ் 1080 என்னும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. புதிய விளையாட்டுகளுக்கு அதன் வேகம் போதவில்லை. அதே கார்டு இன்னொன்று நண்பன் ஒருவனிடம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் வேகம் இரட்டிப்பாகிவிடும் அல்லவா? அல்லது, இருப்பதை விற்றுவிட்டு, மேலும் சிறிது பணம் போட்டுப் புதிய கார்டு ஒன்றை வாங்குவதா?" என்று கேட்டான்.

எளிய வினாதான். ஆயினும் ஓர் இளைஞனின் ஓராண்டுச் சேமிப்பு அதில் அடங்கியிருந்தது. ஆகவே அவசரப்பட்டு விடை கூறாமல், இருவரும் அமர்ந்து அதனை ஆராய்ந்தோம். அன்று பேசியவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். கணிப்பொறியின் திரையில் நாம் காணும் படம், பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அசையும் காட்சி தடையின்றித் தோன்ற வேண்டுமானால், வினாடிக்கு 60 படங்களாவது வரைதல் நன்று. அதாவது ஒரு வினாடியில் 12 கோடியே 44 லட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் இன்னதென்று கணக்கிட வேண்டும். கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் ஒன்றே இதனைச் செய்வதென்றால் திணறிப் போகும். அதனால்தான் இவ்வேலைக்கெனத் தனியாக ஒரு கார்டு அமைத்தார்கள். ஜிடிஎக்ஸ் 1080 கார்டில் 2,560 சிறு கணக்கு யந்திரங்கள் இருக்கின்றன. ஆகவே ஒற்றைக் கார்டு என்று நாம் சொல்வதே உண்மையில் ஒரு பெருங்கூட்டம்தான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்டுகளைப் பூட்டும் எண்ணம் புதியதன்று. 1998-ஆம் ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வூடூ2 என்ற கார்டை வெளியிட்டது. அதில் இரண்டை இணைத்தால், ஒரு கார்டு திரையின் ஒற்றைப்படை வரிகளை வரையும். மற்றது இரட்டைப்படை வரிகளை வரையும். வேலை சரிபாதியாகப் பிரிந்தது. தனியாக 800-க்கு 600 புள்ளி அளவில் முப்பரிமாணக் காட்சிகளை வரைந்த கார்டு, துணை சேர்ந்தபின் 1024-க்கு 768 என்ற அளவை எட்டியது. அந்நாளில் இது ஒரு விந்தையாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பச் சொத்துகளை என்விடியா விலைக்கு வாங்க உடன்பட்டது. 2004-இல் எஸ்எல்ஐ என்ற பெயரில் இரட்டைக் கார்டு முறையை மீண்டும் உயிர்ப்பித்தது. மறு ஆண்டே ஏடிஐ நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற பெயரில் போட்டிக்கு இறங்கியது.

ஆனால் இதற்குள் காட்சிகளின் தன்மை மாறிவிட்டது. வரிகளை மாற்றி மாற்றி வரையும் முறை பயன்படவில்லை. ஒரு முழுப் படத்தை ஒரு கார்டு வரைய, அடுத்த முழுப் படத்தை மற்ற கார்டு வரையும் முறையே பெரும்பாலும் கையாளப்பட்டது.

நம் கிராமங்களில் ஓர் உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று நெல் குத்துவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை மேலே எழும். இந்த இரட்டைக் கார்டு முறையும் ஏறத்தாழ அதுவே. இவ்வுவமையை வைத்துக்கொண்டே இம்முறையின் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது குறை தாளத்தைப் பற்றியது. இரண்டு உலக்கைகளும் சமமான இடைவெளியில் இறங்கினால்தான் வேலை சீராக நடக்கும். கார்டுகளோ பல வேளைகளில் தாளம் தவறின. வினாடிக்கு 60 படங்கள் என்றால், படத்திற்குப் படம் சுமார் 16.7 மில்லிவினாடி இடைவெளி இருக்க வேண்டும். ஒரு படம் 6 மில்லிவினாடியிலும் அடுத்தது 27 மில்லிவினாடியிலும் மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு படங்களுக்கு 33 மில்லிவினாடி ஆகிறது. சராசரி பார்த்தால் வினாடிக்கு 60 படங்கள்தாம். ஆனால் கண் சராசரி பார்ப்பதில்லை. அந்த 27 மில்லிவினாடி இடைவெளியையே அது உணர்கிறது. வினாடிக்கு 37 படங்கள் ஓடுவது போன்ற தடுமாற்றமே மனத்தில் பதிகிறது. பல ஆண்டுகள் வரை விமர்சகர்கள் சராசரியை மட்டுமே வெளியிட்டமையால், இக்குறை மறைந்தே கிடந்தது. ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் தனித்தனியே அளக்கத் தொடங்கிய பிறகுதான் அது வெளிச்சத்திற்கு வந்தது. 2013-இல் ஏஎம்டி நிறுவனம் இத்தாளத்தைச் சீர்செய்யவே தனியாக ஒரு டிரைவர் வெளியிட வேண்டியதாயிற்று. சராசரி எண்ணை மட்டும் கண்டு மயங்கலாகாது என்பதற்கு, புள்ளியியல் பயிலும் மாணவர்களுக்கு இது நல்லதோர் உதாரணம்.

இரண்டாவது, நெல்லை அள்ளி உரலில் இடுபவளைப் பற்றியது. எத்தனை உலக்கைகள் இருந்தாலும், நெல் இடும் கை ஒன்றுதானே? அந்தக் கைதான் பிராசஸர். ஒவ்வொரு படத்திலும் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை அது முன்கூட்டியே கணக்கிட்டுத் தர வேண்டும். ஒரு படத்தை வரையக் கார்டுக்கு 20 மில்லிவினாடி ஆகிறதென்றால், வினாடிக்கு 50 படங்கள். இரண்டு கார்டுகளுக்கு 100 படங்கள் என்று நாம் கணக்குப் போடுகிறோம். ஆனால் பிராசஸருக்குப் படம் ஒன்றுக்கு 12 மில்லிவினாடி தேவையானால், 83 படங்களுக்கு மேல் ஒருநாளும் வாரா. மேலும், ஒவ்வொரு படமும் உருவாக அதே 20 மில்லிவினாடி ஆகத்தான் செய்கிறது. படங்கள் அடிக்கடி வருகின்றனவே அன்றி, ஒரு படம் விரைவில் முடிவதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அதன் விளைவு தோன்றுவதற்கும் இடையிலுள்ள தாமதம் பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்க இயலாது.

மூன்றாவது குறை நினைவகம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் மருமகனும் "எட்டும் எட்டும் பதினாறு ஜிகாபைட்" என்றே எண்ணியிருந்தான். விளையாட்டுகளைப் பொறுத்தவரை அது சரியன்று. இரண்டு கார்டுகளும் ஒரே காட்சியின் படங்களை மாறி மாறி வரைவதால், அக்காட்சிக்குரிய செய்திகள் அனைத்தும் இரண்டின் நினைவகத்திலும் இருந்தாக வேண்டும். ஒரே பாடநூலின் இரண்டு பிரதிகளை இருவர் வைத்திருப்பதால், நூலின் பக்கங்கள் கூடிவிடுமா? எட்டு எட்டாகவே நிற்கும்.

நான்காவது குறைதான் இம்முறைக்கு முடிவு கட்டியது. இக்கால விளையாட்டுகள் ஒரு படத்தை வரையும்போது, அதற்கு முந்திய படங்களின் செய்திகளையும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஓரங்களின் கரடுமுரடு நீங்கி உருவங்கள் தெளிவாகத் தோன்றுவதற்கு இது உதவுகிறது. ஆனால் முந்திய படம் இருப்பதோ அடுத்த கார்டின் நினைவகத்தில்! ஜிடிஎக்ஸ் 1080 தன் சொந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 320 ஜிகாபைட் செய்திகளைப் படிக்க வல்லது. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதையிலோ வினாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்தான் செல்லும். சாதாரண மதர்போர்டுகளில் இரண்டு கார்டுகள் பொருத்தினால் அதுவும் இரண்டாகப் பிரிந்து பாதியாகும். கார்டுகளை நேரே இணைக்கும் எஸ்எல்ஐ பாலமும் இந்த இடைவெளியை நிரப்பப் போதுமானதன்று. ஒரு வீட்டுக்குள் பேசிக்கொள்வதற்கும், ஊர்விட்டு ஊர் கடிதம் எழுதிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. கார்டுக்குள் இருக்கும் 2,560 யந்திரங்கள் ஒற்றுமையாக உழைப்பதற்குக் காரணம், அவை ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதே.

இக்காரணங்களால் நிறுவனங்களே இம்முறையைக் கைவிட்டன. 2015-இல் வெளிவந்த டைரக்ட்எக்ஸ் 12, இரண்டு கார்டுகளை ஆளும் பொறுப்பை விளையாட்டை இயற்றுபவர்களிடமே ஒப்படைக்க வழிசெய்தது. மிகச் சிலரே அச்சுமையை ஏற்றனர். 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து, பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ ஏற்பாடுகளைச் சேர்ப்பதில்லை என என்விடியா அறிவித்தது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில், இரண்டை இணைக்கும் பாலத்திற்கான இடமே இல்லை. ஆகவே இன்று புதிதாக வெளிவரும் விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில், என் மருமகனின் இரண்டாவது கார்டு வேலையின்றி உட்கார்ந்திருக்கும்.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். ஜிடிஎக்ஸ் 1080 முழு உழைப்பில் 180 வாட் மின்சாரம் கொள்ளும். இரண்டுக்கு 360 வாட். 2023-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கோ 115 வாட் போதும். அது 1080-ஐ விட வேகமானதும்கூட. வேறுபாடு 245 வாட். நாள்தோறும் ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், முப்பது நாட்களில் ஏறக்குறைய 37 யூனிட் மின்சாரம் கூடுதலாகும். அதோடு, பெரிய பவர் சப்ளை வேண்டும். இரண்டு ஸ்லாட்டுகளையும் இரட்டைக் கார்டுகளையும் ஏற்கும் மதர்போர்டு வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கார்டுகளில், மேலுள்ளது கீழுள்ளதன் வெப்பக் காற்றையே உள்ளிழுக்கும். அதனால் விசிறிகளின் இரைச்சலும் கூடும். மலிவாகக் கிடைத்த இரண்டாவது கார்டு, இப்படியாகத் தன் விலையை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போகிறது.

நிற்க. இரண்டு கார்டுகள் எக்காலத்தும் எவர்க்கும் வீண் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது உண்மைக்கு மாறாகும். வேலை எத்தகையது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

பிளெண்டர் போன்ற மென்பொருளில் அசைவூட்டப் படங்களை உருவாக்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஐந்நூறு படங்களையும் கணிப்பொறி இரவு முழுவதும் இருந்து வரைகிறது. அங்கே தாளம் தேவையில்லை. எவரும் உடனிருந்து பார்ப்பதும் இல்லை. ஒரே படத்தின் வேலையைக்கூட இரு கார்டுகளும் பங்கிட்டுச் செய்யலாம். காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் அடங்குமானால், ஏறத்தாழப் பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இது ஒரே உரலில் குத்துவது அன்று. இரண்டு வீடுகளில் இரண்டு உரல்களில் குத்துவது.

இன்னோர் உதாரணம், செயற்கை நுண்ணறிவு பயிலும் மாணவர். 7,000 கோடி எண்களைக் கொண்ட மொழி மாதிரி ஒன்றை, எண்ணுக்கு நான்கு பிட் வீதம் சுருக்கினாலும் 35 ஜிகாபைட் இடம் வேண்டும். 24 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றில் அது அடங்காது. இரண்டு இருந்தால், மாதிரியின் முன்னடுக்குகளை ஒன்றிலும் பின்னடுக்குகளை மற்றதிலும் வைக்கலாம். இங்கே நினைவகம் உண்மையாகவே கூடுகிறது. அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குவதால் வேகம் இரட்டிப்பாவதில்லை. ஆனால் முடியாதிருந்த வேலை முடிகிறது. கார்டு ஒன்றுக்கு 350 வாட் வீதம் 700 வாட்டைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றிலிருந்து நாம் பெறும் விதி இதுதான்: ஒன்றை ஒன்று எதிர்பாராமல் தனித்தனியே செய்து முடிக்கக்கூடிய வேலைக்கு, அல்லது ஒரு கார்டின் நினைவகத்தில் அடங்காத வேலைக்கு, இரண்டு கார்டுகள் துணை செய்யும். நொடிக்கு நொடி ஒன்றையொன்று கலந்துகொள்ள வேண்டிய வேலைக்கு, வலிமையுள்ள ஒரே கார்டுதான் ஏற்றது. விளையாட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

என் மருமகன் இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டான். இரண்டாவது கார்டின் விலை, பவர் சப்ளையின் விலை, ஓராண்டு மின்கட்டணம் ஆகியவற்றை ஒருபுறம் எழுதினான். பழைய கார்டை விற்றால் வரும் பணத்தைக் கழித்து, புதிய கார்டின் விலையை மறுபுறம் எழுதினான். சற்று நேரம் பேசாமல் இருந்தான். "நல்லவேளை, மாமா, நண்பனுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை" என்று சொல்லிச் சிரித்தான். அடுத்த வாரம் ஒற்றைக் கார்டையே வாங்கினான். பழைய கார்டை, வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அதன் குறை நிறைகளை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லியே விற்றான் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

மாணவ நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகம் வேண்டும் என்று எழுதுவதற்கு முன்னால், என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த முதல் வரியைச் சரியாக எழுதிவிட்டால், ஒன்றா இரண்டா என்ற வினாவுக்கு விடை தானே கிடைத்துவிடும்.