காஞ்சியில் ஓர் இரவு தங்குங்கள்

குடும்பத்தோடு காஞ்சிபுரம் போகிறவர்களில் பலரும் அங்கே ஓர் இரவுகூடத் தங்குவதில்லை. சென்னையிலிருந்து 75 கி.மீ. தானே, போய்விட்டு உடனே திரும்பிவிடலாம் என்பதே எல்லோருடைய கணக்கும். பத்து, பத்தரை மணிக்கு ஊருக்குள் நுழைந்து, காமாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஓடும்போது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடுகிறது. நண்பகலுக்குப் பிறகு நான்கு மணி வரை பெரிய கோயில்களில் தரிசனம் இல்லை. அந்த நேரம் முழுவதும் பட்டுக் கடைகளில் கழிகிறது. பெரியவர்கள் புடவையைப் பிரித்துப் பார்க்க, பிள்ளைகள் மூலையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பல்லவர் தலைநகரைக் காட்டிவிட்டோம் என்ற நிறைவோடு மாலையில் வீடு திரும்புகிறோம். ஆனால் பிள்ளைகள் பார்த்தது ஒரு கூட்டத்தையும் ஒரு கடையையும்தான்.

காஞ்சி காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டிய ஊர். கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோயில் அது. வெயில் ஏறுமுன் போனால் கூட்டமே இருக்காது. திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துச் சிங்கங்களை எண்ணிக்கொண்டே பிள்ளைகள் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். பல்லவர்கள் மிக விரும்பிச் செதுக்கிய உருவம் சோமாஸ்கந்தர்: அப்பா, அம்மா, நடுவில் குழந்தை முருகன். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் வேறு எங்கே கிடைக்கும்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நந்திவர்மனின் கதையை அங்கே நின்று சொன்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளை வாய் பிளந்து கேட்கும்.

எங்கே தங்கலாம்?

ஊருக்குள் மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும், அதைப் போன்ற நடுத்தர, உயர்தர விடுதிகளும் முதல் வகை. கைக்குழந்தையோடும் தாத்தா பாட்டியோடும் போகிறவர்களுக்கு இவையே ஏற்றவை. கூடுதல் மெத்தையும் காலையில் தடையில்லாத வெந்நீரும் கேட்டால் கிடைக்கும். வண்டி நிறுத்தவும் இடம் இருக்கும். இரண்டாவது, பேருந்து நிலையத்தைச் சுற்றியும் காந்தி சாலையிலும் உள்ள லாட்ஜுகள். வாடகை குறைவு என்றாலும் தெருவைப் பார்த்த அறைகளில் இரவெல்லாம் ஹாரன் சத்தம் கேட்கும். உள்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் இல்லாவிட்டால் கீழ்த்தளம் கேளுங்கள். மூன்றாவது, மடங்களையும் கோயில்களையும் சார்ந்த சத்திரங்கள். வசதிகள் எளியவை, கட்டுப்பாடுகள் உண்டு. பெரிய குடும்பமாகப் போய், ஒரு கூடத்தில் பாய் விரித்துப் படுத்துப் பேசிக்கொண்டே தூங்க விரும்புகிறவர்களுக்கு அவைதான் சரி.

எதுவானாலும் முகூர்த்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம் என்று திருவிழாக் காலங்களில் முன்பதிவு இல்லாமல் போகவே கூடாது.

இரண்டு இரவுகள் கிடைத்தால் பயணத்தைத் தெற்கே நீட்டலாம். உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் கல்வெட்டாக இருக்கும் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வேடந்தாங்கல் போய்விடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து தலைமுறைகளாக அவற்றைக் காத்து வந்தவர்கள் அந்த ஊர் விவசாயிகள். அங்கே வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போனால், விடியற்காலையில் பிள்ளைகளை ஏரிக்கரையில் நிறுத்தலாம்.

இல்லாத வீடு

இத்தனை இருந்தும் காஞ்சியில் தங்கும் குடும்பத்துக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது: தறி ஓடும் வீட்டில் ஓர் அறை. பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தனித்தனி நாடாக்களை ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை பிணைக்கும் கோர்வை வேலை அங்கேதான் நடக்கிறது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு இது. ஆனால் நாம் அந்த வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கடையில் புடவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

இந்த இடத்தில் இத்தாலியிடம் கற்றுக்கொள்ள ஒரு பாடம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டஸ்கனி, உம்ப்ரியா பகுதிகளில் வாரத்துக்குப் பயிரிட்டு வந்த குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டன. கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. விவசாயி தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தன் விளைச்சலைச் சமைத்துப் போட்டு, கூடுதல் வருமானம் பெற வழி செய்து 1985-இல் ஒரு சட்டம் வந்தது. 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள். அக்ரிதுரிஸ்மோ என்று அழைக்கப்படும் இந்தப் பண்ணை வீடுகள் இன்று அந்த நாட்டில் 25,000-க்கும் மேல். குழந்தைகள் ஆடுகளுக்குத் தீனி வைக்கிறார்கள், பாட்டியோடு மாவு பிசைகிறார்கள், ஆலிவ் பறிக்கிறார்கள். இத்தாலியக் கிராமத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

அந்தச் சட்டத்தின் உயிர் ஒரே ஒரு நிபந்தனையில் இருக்கிறது. விவசாயமே முதன்மைத் தொழிலாகத் தொடர வேண்டும். விருந்தோம்பல் அதற்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு விடுதி மட்டும் நடத்த அனுமதி கிடையாது. வருகிறவர்கள் கொடுக்கும் பணம் வயலைக் காப்பாற்றுகிறது.

காஞ்சியில் இன்று நடப்பதும் ஏறக்குறைய அந்தக் கதைதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளத்தைத் தேடிப் போகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. தறியில் உட்காரும் கடைசித் தலைமுறை நாங்கள்தான் என்று பெற்றோர் சொல்லும் நிலையை மாற்ற, தறியை விட்டு நகராத இன்னொரு வருமானம் வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. உரிமையாளர் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்குக் கொடுக்கும் ‘ஹோம் ஸ்டே’ திட்டத்தை மத்திய சுற்றுலா அமைச்சகம் ஏற்கெனவே வைத்திருக்கிறது. இத்தகைய வீடுகளுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. காஞ்சியின் கோயில்கள் 2021 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் ஊரிலேயே இருக்கின்றன. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அருமையான பணி அது. ஆனாலும் அத்தகைய வீட்டில் ஒரு குடும்பம் சமைத்து, தூங்கி, தறி ஓட்டி வாழ்வதைப் பிள்ளைகள் காஞ்சியில்தான் பார்க்க முடியும்.

இதைச் செய்வதானால் சில விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தறி ஓடுகிற வீட்டுக்கு மட்டுமே அனுமதி. பட்டுத் தறிகளில் குழந்தைகளை வேலை வாங்கிய கசப்பான வரலாறு இந்தத் தொழிலுக்கு உண்டு. ஆகவே வீட்டுப் பிள்ளைகளை வேடிக்கைக்குக்கூடத் தறியில் உட்காரவைக்கக் கூடாது. தங்குகிறவர் புடவை வாங்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடி இருக்கக் கூடாது. சமைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள் என்பதால், வாடகைப் பணம் அவர்கள் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். சுத்தமான கழிப்பறை, வெந்நீர், கொசுவலை இவை மூன்றும் அமைக்க அரசு உதவினால் போதும். மிளகும் சுக்கும் மணக்கும் குடலை இட்லியை அந்த வீட்டு அம்மாவே பார்த்துக்கொள்வார்.

சுற்றுலாத் துறையும் கைத்தறித் துறையும் சேர்ந்து, பிள்ளையார்பாளையத்தில் பத்து வீடுகளோடு இதைத் தொடங்க வேண்டும். அதுவரை நம்மால் முடிந்ததை நாம் செய்வோம். அடுத்த விடுமுறைக்குக் காஞ்சி போகிறவர்கள் பிள்ளைகளோடு ஓர் இரவாவது அந்த ஊரிலேயே தங்குங்கள். காலையில் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். புடவை வாங்குவதாக இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். ‘நெசவாளர் வீட்டில் தங்க முடியுமா?’ என்று போகிற இடத்திலெல்லாம் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் அந்தக் கதவுகள் நிச்சயம் திறக்கும்.