முள் அரை டேங்க் காட்டுது... வண்டி நடுரோட்டில் நிக்குது! மினி வேன் மீட்டர் கோளாறை கண்டுபிடிப்பது எப்படி?

திருப்பூர்: "அரை டேங்க் இருக்குன்னுதான் முள்ளு காட்டுச்சுங்ண்ணா... ஆனா டேங்க் காலிங்க!" மினி வேன் டிரைவர்கள் மெக்கானிக்கிடம் வந்து இப்படி புலம்புவது புதிதல்ல.

நிட்டிங்கில் ஓடிய துணி சாயப்பட்டறைக்கு போகணும். அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், தையல், பேக்கிங். ஒரு பனியன் முழுசாக தயாராவதற்குள் பல இடம் மாறுகிறது. சுமப்பது மினி வேன்கள்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு 'குட்டி யானை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. லோடு வாடகையில்தான் வண்டி தவணையும் வீட்டுச் செலவும். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு!

டீசல் வண்டியில் டேங்க் காலியானால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. பைப்பில் காற்று புகுந்து 'ஏர் லாக்' ஆகிவிடும். காற்றை வெளியேற்றினால்தான் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகும். இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் ஒரு வயர் அல்லது துருப்பிடித்த போல்ட்!

முள் எப்படி ஓடுகிறது?

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். டீசல் ஏற இறங்க மிதவையும் ஏறி இறங்கும். அதற்கேற்ப கரண்ட் கூடும், குறையும். அது வயர் வழியாக மீட்டருக்கு வந்து முள்ளை நகர்த்தும். ஆக கோளாறு இருக்கக்கூடிய இடங்கள்: கரண்ட் வரும் வழி, எர்த், வயர், மிதவை, மீட்டர். இந்த வரிசையில் பார்த்தால் வீண் செலவு இல்லை.

எல்லா முள்ளும் செத்ததா? ஒன்று மட்டுமா?

சாவி போட்டதும் எந்த முள்ளும் அசையவில்லை என்றால் முதலில் பியூஸை பாருங்க. போயிருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடணும். செம்புக்கம்பி, சிகரெட் டப்பா பேப்பர் சுற்றுவது ஆபத்து! வயர் சூடாகி தீப்பிடித்தால் பின்னால் இருக்கும் துணி லோடும் சேர்ந்து எரியும். புது பியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசுகிறது என்று அர்த்தம்.

இண்டிகேட்டர் போட்டால் முள் துள்ளுகிறதா? ஹெட்லைட் போட்டால் முள் இடம் மாறுகிறதா? எர்த் சரியில்லை. பேட்டரி நெகட்டிவ் கேபிள் சேசிஸில் சேரும் போல்ட்டை கழற்றி, உப்புத்தாளால் துரு போகத் தேய்த்து இறுக்கினால் பல வண்டிகளில் கோளாறு அத்தோடு தீர்ந்துவிடும்.

டீசல் முள் மட்டும் மக்கர் என்றால்...

டேங்க் மேல் இருக்கும் மிதவை வயரை கழற்றுங்க. சாவி போட்டு, ஒரு சின்ன பல்பு வழியாக அந்த வயரை டேங்கை விட்டு தள்ளி பாடியில் தொடுங்க. முள் நகர்ந்தால் மீட்டரும் வயரும் நல்லா இருக்கு, மிதவையில்தான் கோளாறு. நகரவே இல்லை என்றால் வயர் அறுந்திருக்கலாம், இல்லை மீட்டர் போயிருக்கலாம்.

எச்சரிக்கை: பெட்ரோல், கேஸ் வண்டியில் இந்த வேலையே வேண்டாம். ஒரு தீப்பொறி போதும்! 2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளிலும், டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளிலும் வயரை கழற்றி தொடக் கூடாது. கம்ப்யூட்டர் போர்டு பழுதாகலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

டெம்பரேச்சர் முள்தான் எமன்!

டீசல் முள் பொய் சொன்னால் வண்டி நிற்கும். டெம்பரேச்சர் முள் பொய் சொன்னால் இன்ஜினே போயிடும். பல வண்டிகளில் சென்சார் வயர் அறுந்தால் முள் கீழேயே கிடக்கும். 'இன்ஜின் கூலாத்தான் இருக்கு' என்று டிரைவர் ஓட்டிக்கொண்டே போவார். ரேடியேட்டரில் தண்ணீர் சுத்தமாக வற்றினாலும், சென்சாரில் சுடுதண்ணீர் படாததால் முள் ஏறாமல் இருக்கலாம்! கடைசியில் ஹெட் கேஸ்கட் போகும், இன்ஜின் சீஸ் ஆகும்.

வண்டி ஸ்டார்ட் செய்து பத்து, பதினைந்து நிமிடம் ஓடியும் முள் அசையவில்லை என்றால் சந்தேகப்படுங்க. இழுவை குறைந்தாலோ, ஆவி வந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ முள் என்ன காட்டினாலும் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க. சூட்டோடு ரேடியேட்டர் மூடியை திறக்காதீங்க, முகத்தில் கொதிநீர் அடிக்கும். பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். நன்றாக ஆறிய பிறகே திறக்கணும்.

பஞ்சுத் தூசி பறக்கும் ஊரில் ரேடியேட்டர் வலையில் அழுக்கு அடைக்காமல் சுத்தம் செய்வதும் அவசியம்.

தினமும் ஒரு நிமிடம்

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை போட்டு பாருங்க. ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம். நாளை ஆயில் வற்றினாலும் அது சொல்லாது.

முள் சரியாகும் வரை டீசல் ஊற்றும்போது கிலோமீட்டரை சின்ன நோட்டில் குறித்து வையுங்க. எத்தனை லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பது ஓட்டுபவருக்கு தெரியாதா என்ன!