ஒரே ரோடு, இரண்டு எண்

திண்டுக்கல்லில் கிளம்பி பழனி, பொள்ளாச்சி, கோவை, அன்னூர், சத்தியமங்கலம் வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி பெங்களூரு போகும் ரோட்டுக்கு முன்பு ஒரே எண்: 209. 2010-இல் மத்திய அரசு நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது அது கோவையில் இரண்டானது. பொள்ளாச்சிப் பக்கம் 83, சத்தியமங்கலம் பக்கம் 948. சேலம், அவிநாசி, வாளையார் வழியாகக் கேரளம் போகும் பழைய 47, இன்று கொச்சி வரை 544. ஊட்டி ரோடு 181.

இதில் நல்லதொரு கணக்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை எண். மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைச் சொல்லும். 544 என்பது ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44-இன் கிளை. 948, டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னை வரும் 48-இன் கிளை.

ஆனால் அரசிதழில் எண் மாறினால் போதாது. பெயர்ப்பலகை, மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல், கடை விலாசம் எல்லாம் மாற வேண்டும். இன்றும் நம் ஊர்ப் பேச்சில் "நாப்பத்தேழு" போகவில்லை. அவசரத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து.

தேசிய நெடுஞ்சாலையில் விபத்தோ பழுதோ என்றால் 1033-ஐ அழையுங்கள். புதிய சாலை எண்ணையும், பக்கத்துக் கல்லில் உள்ள கிலோமீட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.